புகை உண்டா?

அவனுக்குப் பம்பரம் என்று பட்டப்பெயர் வைத்தது யாரோ, அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும், அத்தனை பொருத்தம். கைபேசி பழுதுபார்க்கும் அந்தச் சின்னக் கடையில், கண்ணாடி மேசைக்குப் பின்னே அக்கா உட்கார்ந்திருப்பாள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தம்பி சுற்றிக்கொண்டிருப்பான். ஒரு போனைத் திறந்து திருகுகளைத் தட்டில் கொட்டுவான். அதற்குள் இன்னொரு போன் ஞாபகம் வந்து அதையும் திறப்பான். இரண்டின் திருகும் ஒரே தட்டில் கலந்து கிடக்கும்போது, மூலையில் மின்விசிறி கிறீச்சிடுகிறதே என்று நாற்காலி போட்டு ஏறுவான். கீழே அணைக்காமல் விட்ட, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் மேசை விரிப்பைத் தீய்த்துக்கொண்டிருக்கும்.

"ஏண்டா, உட்காருற இடத்துல முள்ளா முளைச்சிருக்கு?"

"இதோக்கா, ஒரே நிமிஷம்."

அவனுடைய ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அந்தத் தெருவுக்கே தெரியும்.

அக்கா கல்யாணமாகி, அது சரிப்படாமல் திரும்பி வந்தவள். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைக்கு மேலேயே இரண்டு அறை. அவளுக்கு அவன், அவனுக்கு அவள். வேறு நாதியில்லை. அவனுக்குப் பெண் பார்க்கலாம் என்று அவள் பேச்செடுத்த போதெல்லாம், பாதிப் பேச்சிலேயே எழுந்து போய் எதையாவது கழற்ற ஆரம்பித்துவிடுவான்.

ஆனால் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துவிட்டால் ஆளே வேறு. அப்படியே நாற்காலியில் அமர்ந்து, நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியை விட மெல்லிய கம்பியை இடுக்கியால் பிடித்து ஒட்டுவான். கை அசையாது. மற்ற கடைக்காரர்கள் இது தேறாது என்று கைகழுவிய போன்கள் எல்லாம் அவன் கையில் உயிர் பெற்று வரும். சிகரெட் முடிந்ததும் இன்னொன்று. அக்காவுக்கு அந்த நாற்றம் கட்டோடு ஆகாது. ஆனாலும் தடுப்புக்கு மேலே புகை எழும்பினால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். அவளும் தைரியமாக, "சாயந்திரம் வந்து வாங்கிக்குங்க" என்று வாக்குக் கொடுப்பாள். அவன் ஊதி ஊதித் தள்ளியதில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது என்றால் அது பொய்யில்லை.

வினை வலது கை ஆள்காட்டி விரலில் வந்தது. இடுக்கியைப் பிடிக்கிற அதே விரல். முதலில் நுனி வெளுத்தது. குளிர்ந்த நீரில் கைவைத்தால் நீலமாகிவிடும். அப்புறம் நகத்தோரம் ஒரு புண். அயர்ன் சுட்டுவிட்டது என்று இருவரும் நினைத்தார்கள். தீப்புண் களிம்பைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். புண் ஆறுவேனா என்றது. வலி தாங்காமல் கையைத் தொங்கவிட்டபடி தூங்க ஆரம்பித்தான். அதற்கு மேல் அக்கா பொறுக்கவில்லை, காதைத் திருகாத குறையாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கே ரத்தக்குழாய் டாக்டர் ஒரு பெண்மணி. நேரத்தை வீணாக்காதவர், வார்த்தையையும் வீணாக்காதவர். விரலைப் பார்த்தார், மணிக்கட்டில் நாடியைத் தேடினார், ஏதோ கருவியை வைத்து ஓசை கேட்டார்.

"சிகரெட் உண்டா?"

"உண்டு டாக்டர்."

"ரொம்பவா?"

தம்பி சிரித்தான். அக்கா அவனை முறைத்துவிட்டு, "அதுதான் டாக்டர் அவனுக்குச் சாப்பாடே" என்றாள்.

"இது சுட்ட புண் இல்ல. விரலுக்கு ரத்தம் போற குழாய் அடைச்சிருக்கு. இந்த வயசுல, புகை பிடிக்கிறவங்களுக்கு வர்ற வியாதி. புகையை அடியோட விட்டா விரல் மிஞ்சும். விடலேன்னா முதல்ல இந்த விரல் போகும், அப்புறம் பக்கத்து விரல். நடுவுல சமாதானம் ஒண்ணும் கிடையாது."

"குறைச்சுக்கிட்டா?" என்றான் தம்பி.

"குறைச்சா கொஞ்சம் மெதுவா போகும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் பேசவில்லை. பம்பரம் பேசாமல் நடந்தால் அது சாதாரண விஷயமா? "விட்டுடுறேன்க்கா" என்றான் கடை வாசலில். "விரல் இல்லாம நான் என்னத்தைப் பிடிக்கிறது?"

சொன்னபடி விட்டான். ஆனால் விட்டவனைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு வாடிக்கையாளரின் போனை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்தான். வெப்பக்காற்றுக் குழலை ஒரு போனின் மின்சுற்றுப் பலகை மேல் வைத்தபடியே விட்டு, தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கப் போனான். திரும்பி வருவதற்குள் பலகை வெந்துவிட்டது. போனின் சொந்தக்காரி வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனாள். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "தலைக்குள்ள பத்து ரேடியோ ஒண்ணா பாடுதுக்கா. எதைக் கேக்குறதுன்னே தெரியல."

அன்றைக்குத்தான் அக்கா மருந்துக்கடைக்குப் போனாள். சிகரெட்டை விடுவதற்கு ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்டாள். கடைக்காரர் ஓர் அட்டை மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். வாயில் போட்டு மெல்லுவது. விரல் சங்கதியை அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அட்டையில் நிக்கோட்டின் என்று எழுதியிருந்ததை அவள் பார்க்காமல் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கவே செய்தாள். நிக்கோட்டினை முறிக்கிற மருந்து என்று நினைத்துக்கொண்டாள். கொசுவர்த்திப் பெட்டியின் மேல் கொசு படம் போட்டிருக்கிறது, உள்ளே கொசுவா இருக்கிறது? அவள் நினைத்ததில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

மாத்திரை வேலை செய்தது. சிகரெட் அளவுக்கு இல்லை, ஆனால் ரேடியோக்கள் அடங்கின. வாயை அசைபோட்டபடி அவன் மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தான். "மாடு மாதிரி மெல்லுறியேடா" என்று அக்கா கிண்டல் செய்தாள். ஆனால் அட்டை தீரும் முன்பே அடுத்த அட்டையை வாங்கி வைத்துவிடுவாள். ராத்திரி முடிந்து காலை காபியோடு ஒன்று, கடை திறந்ததும் ஒன்று, அவன் கேட்பதற்கு முன்னால் அவளே நீட்டுவாள். பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற தாய்க்கு வருகிற ஒரு பெருமை அவள் முகத்தில் இருந்தது. பாவி மகள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன போதெல்லாம் டாக்டர் தலையை நிமிர்த்தாமல் கேட்கும் முதல் கேள்வி, "புகை உண்டா?"

"இல்லை டாக்டர்."

"சுத்தமா?"

"சுத்தமா இல்லீங்க டாக்டர், நான் கேரண்டி" என்பாள் அக்கா. பொய்யில்லை. புகை இல்லைதான்.

ஆனால் புண் பெரிதாகிக்கொண்டு வந்தது. நுனி கறுத்தது. நடுவிரலும் வெளுக்கத் தொடங்கியது. டாக்டர் மருந்தை மாற்றினார், ஊசி போட்டார், ஒன்றும் எடுபடவில்லை. ஒரு நாள் பேசாமல் சிறுநீர்ச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வந்ததும் தம்பியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"உங்க தம்பி பொய் சொல்றார். என்கிட்ட மட்டும் இல்ல, உங்ககிட்டயும்."

"இல்லீங்க டாக்டர், என் கண்ணு முன்னாடியே..."

"உடம்புல நிக்கோட்டின் இருக்கு. நிறையவே இருக்கு. மனுஷன் பொய் சொல்லலாம், மெஷின் சொல்லாது."

அக்காவுக்கு முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. இத்தனை நாள் கேரண்டி கொடுத்தவள் அவள். வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து அசைபோட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள். பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கடா பிடிக்கிற? எப்படா பிடிக்கிற?"

"என்னக்கா?"

"நடிக்காதே. மெஷின் சொல்லிடுச்சு."

"அக்கா, நான் தொடவே இல்லக்கா."

"அப்போ மெஷின் பொய் சொல்லுதா? படிச்ச டாக்டர் பொய் சொல்றாங்களா? நீ மட்டும் ஹரிச்சந்திரன், நாங்கல்லாம் கூமுட்டையா?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகத்தை அவள் அன்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

அதன் பிறகு வீடு வீடாக இல்லை. அவன் சட்டையைத் துவைக்கப் போடும் முன் முகர்ந்து பார்த்தாள். பைகளைத் துழாவினாள். மேசை இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டினாள். குப்பைத் தொட்டியைக் கிளறினாள். ஒரு துண்டுச் சிகரெட் கூடக் கிடைக்கவில்லை. கிடைக்காததே அவளுக்கு அத்தாட்சியாகிவிட்டது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மறைக்கிறான், படவா! தேடிக் களைத்து வந்து உட்கார்ந்தால், "இந்தா, இதையாவது மெல்லு, அந்தக் கருமத்தை ஊதாதே" என்று மாத்திரையை மேசையில் எறிவாள். அவனும் எடுத்து வாயில் போட்டுக்கொள்வான்.

ஒரு மாலை அவன் கடைக்குப் பின்னால் இருந்த சந்துக்குப் போனான். சுவரில் சாய்ந்து நின்றான். பெட்டிக்கடைக்காரர், "என்ன பம்பரம், ரொம்ப நாளாச்சு" என்றார். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவதை விட, செய்துவிட்டே வாங்கிக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பற்ற வைத்தான். தலைக்குள் எல்லாம் ஒழுங்காக, ஒன்றன் பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. அக்காவுக்கு இது தெரியாது. தேடித் தேடி ஓய்ந்து, சட்டையை முகர்வதையே அவள் விட்டிருந்த சமயம் அது.

புகையை விட முடியாதவர்களை மனநல டாக்டரிடம் அனுப்புவது அந்த ஆஸ்பத்திரியில் வழக்கம். ரத்தக்குழாய் டாக்டரும் அப்படித்தான் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மனநல டாக்டர் வயதானவர், பொறுமைசாலி. தம்பியிடம் கொஞ்சம் கேட்டார். பதில் பாதியில் நின்று நின்று வேறெங்கோ போனதால் அக்காவிடம் கேட்டார். சின்ன வயதில் எப்படி என்று கேட்டதுதான் தாமதம், அக்கா மடை திறந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் உட்கார மாட்டான், புத்தகத்தைத் தொலைத்துவிட்டு வருவான், பரீட்சையில் பாதித் தாளை எழுதாமல் வருவான், அப்பாவிடம் அடி வாங்காத நாள் கிடையாது, இன்றைக்கும் அடுப்பில் பாலை வைத்தால் பொங்கி வழிந்த பிறகுதான் ஞாபகம் வரும். புகார் வாசிக்கிற மாதிரித்தான் சொன்னாள். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். இன்னும் பல கேள்விகள் கேட்டார்.

"அம்மா, இது திமிரும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல" என்றார் கடைசியில். "ஏ.டி.எச்.டி.ன்னு சொல்வாங்க. பிறவியிலேயே கவனம் ஓரிடத்துல நிக்காது. இவரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. சிகரெட் இருக்கே, அதுல இருக்கிற நிக்கோட்டின் அந்தக் கவனத்துக்குக் கொஞ்ச நேரம் முட்டுக் கொடுக்கும். அதனாலதான் இப்படி இருக்கிறவங்க மத்தவங்களை விட சீக்கிரம் பிடிக்க ஆரம்பிக்கிறாங்க, விடும்போது மத்தவங்களை விட ரொம்பக் கஷ்டப்படுறாங்க. இவர் ஆசைக்குப் பிடிக்கல. தனக்கே தெரியாம வைத்தியம் பாத்துக்கிட்டார்."

தம்பி முதல் முறையாக அசையாமல் உட்கார்ந்து கேட்டான். கண் கலங்கியது. "அப்போ நான் மக்கு இல்லையா டாக்டர்?" என்றான். நாற்பதை நெருங்குகிற ஆண்பிள்ளை கேட்கிற கேள்வியா அது!

"முதல்லயே இங்க வந்திருக்கணும் டாக்டர்" என்றாள் அக்கா. "இருந்தாலும் நான் சும்மா விடல. சிகரெட்டுக்குப் பதிலா இதைத்தான் குடுத்துக்கிட்டிருக்கேன். ஒரு வேளை தவறினதில்ல." கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள்.

டாக்டர் அட்டையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எப்பத்திலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

"ரத்தக்குழாய் டாக்டர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"அவங்க புகை உண்டான்னுதானே கேட்டாங்க. இதுல ஏது டாக்டர் புகை?"

அவர் மெதுவாக, சுடுசொல் எதுவும் இல்லாமல் சொன்னார். மாத்திரையில் இருப்பது அதே நிக்கோட்டின். மற்றவர்களுக்கு அது நல்ல மருந்து, சிகரெட்டை விட எவ்வளவோ மேல், அதை வைத்து விட்டவர்கள் ஏராளம். இந்த ஒரு வியாதிக்கு மட்டும் அது கூடாது. நிக்கோட்டின் எந்த வழியில் உள்ளே போனாலும் விரலுக்கு ஆபத்துதான். மெஷின் கண்டுபிடித்ததும் இதையாகத்தான் இருக்கும்.

அக்கா அட்டையைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். அதே எழுத்துகள். எத்தனை அட்டை, எத்தனை காலை, காபியோடு கையில் எடுத்துக் கொடுத்தது யார்? அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நீ பொய் சொல்லலையாடா? டேய், நீ பொய்யே சொல்லலையாடா?" தலையில் அடித்துக்கொண்டாள். "நான் உன்னை என்னென்ன பேசினேன்!"

தம்பி குனிந்து காலுறைக்குள் விரலை விட்டான். கறுத்த விரல் பட்டு வலித்ததில் முகம் சுளித்தான். நசுங்கிய ஒரு சிகரெட் பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தான்.

"அப்போ பொய் சொல்லலக்கா" என்றான். "இப்போதான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அக்காவால் அழக்கூட முடியவில்லை. நம்ப வேண்டிய நேரத்தில் நம்பவில்லை. நம்பாததால், நம்பக் கூடாதவனாக அவனை ஆக்கி வைத்தாள். இதை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பின் நடந்தது எல்லாமே சரியாகத்தான் நடந்தது. காலம் கடந்து சரியாக நடப்பதைப் போல எரிச்சல் வேறென்ன இருக்கிறது? ஏ.டி.எச்.டி.க்கு வழக்கமாக முதலில் கொடுக்கும் மாத்திரையை அவனுக்குக் கொடுக்க முடியவில்லை. அதுவும் விரல்நுனி ரத்தக்குழாயை இறுக்கக்கூடியதாம். இரண்டு டாக்டர்களும் போனில் பேசி, வேறொரு மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார்கள். அது குழாயை ஒன்றும் செய்யாது, ஆனால் மெதுவாகத்தான் பிடிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். மெல்லுகிற மாத்திரையும் இல்லை, சிகரெட்டும் இல்லை, புது மாத்திரை இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. அந்த நாட்களில் அவன் கூண்டில் அடைத்தது போல அறைக்கு அறை நடந்தான். கடையைச் சாத்திவிட்டு அக்கா கூடவே நடந்தாள். "ஒண்ணே ஒண்ணு குடுக்கா, கால்ல விழுறேன்" என்று ஒரு மதியம் நிஜமாகவே காலில் விழுந்தான். அவள் கொடுக்கவில்லை. கொடுக்காமல், அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜெயித்தது அவர்கள்தான். அவன் தொடவில்லை. மாத்திரையும் மெல்ல மெல்லப் பிடித்தது.

விரல் மட்டும் காத்திருக்கவில்லை. ஆள்காட்டி விரலை அடியோடு எடுத்தார்கள். நடுவிரலில் நுனியை எடுத்தார்கள். மற்றவை பிழைத்தன.

கட்டுப் பிரித்து, தையல் பிரித்து, கடைசியாக ஒரு சோதனையும் முடிந்து, அவர்கள் ரத்தக்குழாய் டாக்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி காலை ஆட்டவில்லை. மேசையிலிருந்த பேனாவைக் கழற்றவில்லை. கையை மடியில் வைத்து, டாக்டர் சொல்வதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் கேட்டான். கடையில் இப்போது நாள் முழுக்க நுண்ணோக்கியின் முன் உட்கார அவனால் முடிந்தது. இடுக்கியைத்தான் பிடிக்க முடியவில்லை. இடது கையால் பழகிக்கொண்டிருந்தான், கம்பி நழுவி நழுவி விழுந்தது.

டாக்டர் சோதனைத் தாளைப் படித்தார். "துளி நிக்கோட்டின் இல்லை" என்றார். தாளை மூடி வைத்துவிட்டு, அவனை நிமிர்ந்து பார்த்தார். வார்த்தையை வீணாக்காத அந்த அம்மாளுக்கு அன்று வார்த்தை வரச் சிரமப்பட்டது.

"நான் உங்களைப் பொய் சொல்றவர்னு சொல்லிட்டேன். கேள்வியையும் நான் சரியா கேக்கல. மெல்லுறீங்களான்னு கேட்டிருக்கணும். மன்னிச்சுக்குங்க."

தம்பி பதறிப் போனான். "ஐயோ, என்ன டாக்டர் இது, பெரிய வார்த்தையெல்லாம்." குத்திக் காட்டத் தெரியாதவன் அவன். அக்கா பக்கத்தில் இருப்பதைக் கூட நினைக்காமல், டாக்டரைத் தேற்ற வேண்டும் என்கிற ஒரே எண்ணத்தில் சொன்னான்: "நீங்க யாரோ, நான் யாரோ. நீங்க நம்பலேன்னா எனக்கு என்ன டாக்டர் வலிக்கப் போகுது?"

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா மாத்திரைச் சீட்டுக்காகக் கையை நீட்டினாள்.